கல்விக் கண் திறந்த கண்டிப் பெருமகன் அறிஞர் சித்திலெப்பை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர் அனைவர் மீதும் உண்டாவனவாக.

மலைகள் சூழ்ந்த கண்டிச் சீமை, அரசர் காலந்தொட்டு முஸ்லிம்கள் கண்ணியத்துடன் வாழ்ந்து வரும் பூமியாகும். இம்மண் ஈன்ற மக்களுள் இலங்கை முஸ்லிம் சமுதாயம் முழுவதும் நன்றியுடன் நினைவுகூர வேண்டியவர் மர்ஹூம் முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள். இன்று நம் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் விளங்குகின்றனர் என்றால், அதற்கு வித்திட்டவர்களுள் முதல்வர் அவரே.

அன்னார் 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டி நகரிற் பிறந்தார்கள். தந்தையார் சட்டத்துறையைச் சார்ந்தவர். இளமையிலேயே அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்த அவர்கள், 1862ஆம் ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்கள். கண்டி மாநகர நீதிமன்றத்தில் நீதவானாகவும் சில காலம் பணியாற்றினார்கள். செல்வமும் செல்வாக்கும் வீடு தேடி வந்த காலம் அது. அவற்றைக் கொண்டு தம் குடும்பத்தை மட்டும் வளர்த்திருந்தால் அவர்களைக் குறை கூறுவார் எவருமிலர். எனினும் அவர்களின் உள்ளம் அதில் நிறைவடையவில்லை.

அக்காலத்து நம் சமுதாயத்தின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிமாரின் பாடசாலைகளிலேயே கிடைத்தது. பிள்ளையை அங்கு அனுப்பினால் ஈமான் பறிபோகுமோ என்று பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால் அதன் விளைவு, சமுதாயம் வணிகத்தோடு நின்று, உத்தியோகத்திலும் சட்டத்திலும் பின்தங்கியதேயாகும். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவ மக்களுக்கெனப் பாடசாலை கண்டார். 1880இல் இலங்கை வந்த ஒல்கொட் அவர்கள் பௌத்தர்களின் பாடசாலைகளுக்கு வழிவகுத்தார். முஸ்லிம்களுக்கு அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை.

சித்திலெப்பை அவர்கள் இந்நோய்க்குக் கண்ட மருந்து தெளிவானது. ஈமானைக் காப்பதற்காக ஆங்கிலத்தை விட்டுவிடுவதும் ஆகாது. ஆங்கிலத்துக்காக ஈமானை விட்டுவிடுவதும் ஆகாது. மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் போதிக்கப்படும் பாடசாலைகளை முஸ்லிம்களே நிறுவ வேண்டும் என்பதே அது.

இக்கருத்தை ஊர்தோறும் கொண்டு செல்ல 1882ஆம் ஆண்டு டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். இலங்கையில் மட்டுமன்றித் தென்னிந்தியாவிலும் மலாயாவிலும் அதற்கு வாசகர் இருந்தனர். அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்தின் விடுதலைக்காகப் போராடித் தோல்வியுற்ற அஹ்மத் அறபி பாஷா அவர்கள் தம் தோழர்களுடன் ஆங்கிலேயரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்து சேர்ந்தார்கள். இவ்விருவரின் நட்பும் கல்விப் பணிக்கு வலிமை சேர்த்தது. பாஷா அவர்கள் பின்னாளில் நம் கண்டியிலும் வாழ்ந்து, 1901இல் தாயகம் திரும்பினார்கள். அவர்கள் வாழ்ந்த இல்லம் பிற்காலத்தில் நினைவு நூதனசாலையாக்கப்பட்டது.

1884ஆம் ஆண்டு சித்திலெப்பை அவர்கள் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலையைத் திறந்தார்கள். ஆயினும் அது நீடிக்கவில்லை. திறப்பு விழாவின்போது இருந்த ஆர்வம் சமுதாயத்தில் நிலைக்காமற் போகவே, ஆதரவின்றி அது மூடப்பட்டது. வேறொருவராயின் மனம் வெறுத்து ஒதுங்கியிருப்பார். அன்னாரோ தளரவில்லை. எழுதினார்கள்; பேசினார்கள்; தனவந்தர்களைத் தேடிச் சென்றார்கள். அம்முயற்சியின் பலனாக, கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய கொடைவள்ளல் வாப்பிச்சி மரைக்கார் அவர்கள் முன்வர, அறபி பாஷா அவர்களின் ஆதரவுடன் 1892ஆம் ஆண்டு மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா உதயமாயிற்று. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

பெண்களின் கல்வியிலும் அன்னார் முன்னோடியாக நின்றார்கள். பெண்பிள்ளைகளை வாசலுக்கு வெளியே அனுப்பத் தயங்கிய அக்காலத்தில், கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பாடசாலையை நிறுவினார்கள். அங்கு கற்பிக்கத் தம் சொந்தச் சகோதரியையே முன்னிறுத்தினார்கள். பிறர் வீட்டுப் பெண்களுக்குச் சொன்னதைத் தம் வீட்டிலேயே முதலிற் செய்து காட்டியமையால், எதிர்த்தவர்களும் வாயடைத்துப் போயினர்.

நூலாசிரியராகவும் அவர்கள் புகழ்பெற்றவர்கள். 1885இல் வெளியான 'அசன்பே சரித்திரம்' இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படுகிறது. 'அஸ்ராருல் ஆலம்' என்னும் நூல் அன்னாரின் ஆத்மஞான ஆழத்தைக் காட்டுவது. பத்திரிகையும் நாவலும் எழுதிய அதே கரம் ஞான நூலையும் எழுதியது. மார்க்க அறிவு வேறு, உலக அறிவு வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

1898ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள் அன்னார் தம் அறுபதாவது வயதிலே இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 1977ஆம் ஆண்டு இலங்கை அரசு அவர்களின் உருவம் பொறித்த தபால் முத்திரை வெளியிட்டுக் கௌரவித்தது.

அன்பார்ந்த சகோதரர்களே! முத்திரையும் விழாவும் மட்டும் நாம் அன்னாருக்குச் செலுத்தும் நன்றிக்கடன் ஆகிவிடாது. 1884இல் திறந்த பாடசாலை ஏன் மூடப்பட்டது, 1892இல் திறந்தது ஏன் நிலைத்தது என்பதை ஆராய்வதே அவர்களின் வாழ்விலிருந்து நாம் பெறவேண்டிய படிப்பினை. முதலாவதற்கு ஊக்கமிக்க ஒருவர் இருந்தார். பின்னால் நிற்க ஜமாஅத் இல்லை. இரண்டாவதற்கு அறிஞரும் தனவந்தரும் பொதுமக்களும் ஒன்றாய் நின்றனர். நாம் தொடங்கும் மக்தபும் மாலை வகுப்பும் நூலகமும் திறப்பு விழாவோடு ஓய்ந்துவிடாமல் மாதந்தோறும் நம் சந்தாவாலும் துஆவாலும் தாங்கப்படல் வேண்டும். வறுமையால் இடைநின்ற ஒரு மாணவனையோ மாணவியையோ மீண்டும் வகுப்பறைக்கு அனுப்புபவர், அறிஞர் சித்திலெப்பை அவர்களின் பணியையே தொடர்பவராவார்.

வல்ல நாயன் அன்னாரின் மண்ணறையை ஒளிமயமாக்கி, சுவனத்தில் உயர் பதவி அளிப்பானாக. நம் சந்ததிகளுக்குப் பயன்தரும் இல்மை வழங்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.