கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார் மேதை



மெல்லிசைக் கச்சேரியில் எல்லோர் கண்ணும் பாடுபவர் மேலேயே இருக்கும். ஆனால் பாட்டுக்கு அடியில் தும் தும் என்று நெஞ்சுக்குள் இறங்குகிற கனத்த ஓசை பேஸ் கிட்டாருடையது. அந்தக் கருவியை இன்றைய உருவத்தில் உலகத்துக்குக் கொடுத்தவர் லியோ ஃபெண்டர். வேடிக்கை என்னவென்றால், கடைசி வரைக்கும் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது!

1909 ஆகஸ்ட் 10-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஆரஞ்சுத் தோட்ட விவசாயியின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் கட்டி வந்து ஒரு கண் போனது. அப்புறம் கண்ணாடிக் கண்தான். கல்லூரியில் படித்தது கணக்குப்பதிவு. ரேடியோ வேலையெல்லாம் தானே கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கணக்கர் வேலை பறிபோனது. மனிதர் உட்கார்ந்து அழவில்லை. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார்.

கடைக்கு இசைக்கலைஞர்கள் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டதுதான் ஃபெண்டருக்குப் பள்ளிக்கூடம். அன்றைய டபுள் பேஸ் ஆள் உயரத்துக்கும் மேலே. தூக்கிப் போவதே பெரும்பாடு. மற்றக் கருவிகளின் சத்தத்தில் அது அமுங்கிப்போகும். அதன் கழுத்தில் மெட்டுகளும் கிடையாது. விரல் ஒரு நூல் தள்ளினாலும் சுரம் பிசகும். வருஷக்கணக்கில் பழகியவருக்கே அது வசப்படும்.

1951-ல் ஃபெண்டர் அதற்கு விடை சொன்னார். தோளில் மாட்டும் மரப்பலகை, நான்கு கம்பி, கழுத்தில் 20 மெட்டு. பெயர் பிரிசிஷன் பேஸ், அதாவது துல்லியமான பேஸ். 1930-களிலேயே பால் டுட்மார்க் என்பவர் மெட்டு வைத்த மின்சார பேஸ் செய்திருந்தார். ஆனால் அது பரவவில்லை. ஃபெண்டருடையதுதான் உலகம் முழுக்கப் போனது.

அந்த மெட்டுகளில் நம்ம பாடம் இருக்கிறது. கம்பியின் நீளம் 34 அங்குலம். அதை 17.817-ஆல் வகுத்தால் சுமார் 1.91 அங்குலம், அங்கே முதல் மெட்டு. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் 12-வது மெட்டு சரியாக 17 அங்குலத்தில், பாதியில், வந்து நிற்கும். அங்கே அதிர்வெண் இரட்டிப்பு. அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சந்தேகம் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. அதனால் மெட்டின் அருமை எனக்குப் புரிகிறது. விடுதியில் ஓர் அண்ணனின் பேஸில் நான் சுரம் கற்று வருகிறேன். தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி. வெறும் கம்பியையும் சேர்த்தால் 84 இடம், மலைப்பாக இருக்கும். ஆனால் பெயர்கள் 12-தான். பி-க்கும் சி-க்கும், இ-க்கும் எஃப்-க்கும் ஒரே மெட்டுத் தூரம். மற்ற எழுத்துகளுக்கு இரண்டு. ஐந்தாவது மெட்டை அழுத்தினால் அடுத்த கம்பியின் சுரம். இரண்டு கம்பி தாண்டி இரண்டு மெட்டு ஏறினால் அதே பெயர் மேல் ஸ்தாயியில். இவ்வளவுதாங்க! பரம்பரை ஞானம் வேண்டாம், தினமும் கால் மணி நேரம் போதும்.

1965-ல் ஃபெண்டர் தன் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். சும்மா இருந்தாரா? பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் பட்டறையை விடவில்லை. 1991 மார்ச் 21-ல் மறைந்தார்.

தனக்கு வாசிக்க வராவிட்டாலும், கோடிப் பேர் விரலுக்கு இடம் காட்டிவிட்டுப் போனார் அந்த ரேடியோ ரிப்பேர்க்காரர். தோழர்களே, நாம் கற்கும் தொழிலும் அப்படித்தான். நமக்குப் பின்னால் நம்ம தெருவிலிருந்து படிக்க வரும் தம்பி தங்கைகள் தடவித் தடவித் தேடக்கூடாது. அவர்களுக்கு ஒரு மெட்டாவது பதித்து வைப்போம்!

— இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் துறை