அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், மரங்கள் அடர்ந்த பரந்த நிலப்பரப்பில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி அமைந்துள்ளது. 1837ஆம் ஆண்டில் பள்ளியாகத் தோன்றிய அந்நிறுவனம், நெடுங்காலம் ஜார்ஜ் டவுனில் வளர்ந்து, 1937ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு இடம் மாறிற்று. அது ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் ஓர் இளைஞர் அங்கே பயின்றார். பின்னர் அக்கல்லூரியின் இரசாயனப் பகுதியிலேயே செய்முறை காட்டும் ஆசிரியராகப் பணியாற்றினார். அவரே பிற்காலத்தில் உலகம் மதித்த பௌதிக அறிஞராக விளங்கிய கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பு அவருடைய ஊர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று அவர் பட்டம் பெற்றார். ஆசிரியரான பின், நண்பகல் உணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி உரையாடுவது அவர் வழக்கம். பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகிய எதைப் பற்றியும் அங்கே வினவலாம். பிற கல்லூரி மாணவர்களும் அவ்வுரையாடலை நாடி வந்தனர். எனினும், பிறர் கண்ட உண்மைகளை விளக்குவதோடு அமையாமல், தாமே புதிய உண்மைகளைக் காண வேண்டும் என்னும் வேட்கை அவருள்ளத்தில் எழுந்தது. ஆகவே, அவர் கல்கத்தாவுக்குச் சென்றார். 1923ஆம் ஆண்டின் இறுதியில் சர் சி. வி. இராமனின் ஆய்வுத் துணைவரானார்.

ஒளி ஒரு திரவத்தினூடே செல்லும்போது அதன் சிறுபகுதி பல திசைகளிலும் சிதறுகிறது. அவ்வாறு சிதறும் ஒளியில் நிறம் மாறிய ஒளியும் சிறிதளவு உண்டா என்பதே அவர்கள் ஆராய்ந்த வினா. அவ்வொளி மிக மிக மங்கலானது. திரவத்தில் தூசு இருப்பின், அது பேரளவில் ஒளியைச் சிதறடித்துக் கண்ணை மயக்கிவிடும். வேறு அழுக்குக் கலந்திருப்பின், அவ்வழுக்கே ஒளிர்ந்து ஆய்வாளரை ஏமாற்றிவிடும். ஆகவே, உண்மையைக் காண்பதற்கு முன் திரவத்தைத் தூய்மை செய்தாக வேண்டும். தூய்மை செய்வதற்கோ வெற்றிடம் வேண்டும்.

வெற்றிடம் என்பது காற்று நீக்கப்பெற்ற இடம். காற்றை வெளியேற்றும் பம்பைப் பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மானியராகிய ஆட்டோ வான் கெரிக் முதன்முதலாக அமைத்தார். மிதிவண்டிச் சக்கரத்தில் காற்றை நிரப்பும் பம்பை நாம் அறிவோம். அது காற்றை உள்ளே செலுத்துகிறது. வெற்றிடப் பம்போ காற்றை வெளியே இழுக்கிறது. ஒவ்வொரு முறை இயங்கும்போதும் அது பாத்திரத்திலுள்ள காற்றில் ஒரு பங்கையே அகற்றும். எஞ்சியதில் ஒரு பங்கை அடுத்த முறை அகற்றும். இவ்வாறு காற்று குறைந்துகொண்டே வருமேயன்றி முற்றும் ஒழிவதில்லை. ஆதலால், வெற்றிடத்தை உண்டாக்குவது பொறுமையை வேண்டும் வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணெயில் சுழலும் பம்புகளும், பாதரச ஆவியின் வேகத்தால் காற்றணுக்களை அடித்துச் செல்லும் பம்புகளும் வந்த பிறகு இவ்வேலை எளிதாயிற்று.

காற்றின் அழுத்தம் குறைந்த இடத்தில் திரவங்கள் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். உதகமண்டலத்தில் தண்ணீர் 100 பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடுவதும், அரிசி வேகத் தாமதமாவதும் இதனாலேயே. காற்று நீக்கிய கண்ணாடிப் பாத்திரத்தில் இவ்வியல்பு இன்னும் மிகுதி. அங்கே திரவம் பொங்கித் தெறிக்காமல் மெல்ல ஆவியாகி, அடுத்த குமிழில் குளிர்ந்து மீண்டும் திரவமாகும். தூசு முதற்குமிழிலேயே தங்கிவிடும். இவ்வாறு மீண்டும் மீண்டும் வடித்தபோது, ஒளிக்கற்றையின் பாதையில் ஒரு தூசும் மின்னாத தெளிந்த திரவம் கிடைத்தது. இத்தகைய திரவங்கள் ஏறத்தாழ அறுபது ஆராயப்பெற்றன. பல நாள் நீடித்த இச்செய்முறைகளில் கிருஷ்ணன் சலிப்பின்றி உழைத்தார்.

1928ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் அவ்வுழைப்புப் பயன் தந்தது. சூரிய ஒளியைக் கண்ணாடி வில்லையால் குவித்து, நீலமும் ஊதாவும் மட்டும் செல்லுமாறு வடிகட்டித் திரவத்தினுள் செலுத்தினர். அந்நிறங்களைத் தடுக்கும் வேறொரு வடிகட்டியினூடே பார்த்தனர். நிறம் மாறாதிருந்தால் இருளே தோன்ற வேண்டும். ஆனால் மங்கிய ஒளி தோன்றிற்று! ஒளியின் நிறம் மாறியிருந்தது. திரவமோ தூயது, ஆதலின் அம்மாற்றத்துக்குத் தூசையோ அழுக்கையோ காரணம் கூற இயலவில்லை. இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரையும் தாங்கிய அறிக்கை, அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் ‘நேச்சர்’ என்னும் ஆங்கில இதழில் வெளிவந்தது.

1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு இராமனுக்கு வழங்கப்பெற்றது. அவ்விளைவும் இராமன் விளைவு என்றே பெயர் பெற்றது. கிருஷ்ணனோ 1928ஆம் ஆண்டு இறுதியிலேயே டாக்காப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, படிகங்களின் காந்த இயல்புகளை ஆராயத் தொடங்கியிருந்தார். பெற்ற வெற்றியின் நிழலில் தங்காமல் புதிய துறையில் புகுந்து, அதிலும் முன்னணியில் நின்றார். 1940ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், புதுதில்லியில் உருவான தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. ஆட்சிப் பணிகள் பெருகிய போதும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. இளமையில் துணைநின்ற வெற்றிடம் முதுமையிலும் அவருக்குத் துணைநின்றது. மிகுந்த வெப்பமடைந்த பொருள்களிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுவதை அவர் அளந்தறிய முயன்றார். காற்றில் அவ்வாறு சூடேற்றினால் கரி எரிந்துவிடும். வெளிப்படும் எலெக்ட்ரான்களும் காற்றணுக்களில் மோதித் தடுமாறும். ஆகவே, உட்குழிவான கரிக்கலத்தை வெற்றிடத்தில் சூடேற்றி, அதன் சிறு துளை வழியே வரும் எலெக்ட்ரான்களை அவர் அளந்தார். வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய கம்பியில் வெப்பம் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார்.

தமிழிலும் வடமொழியிலும் பற்றும் புலமையும் கொண்டிருந்த அப்பெரியார்க்கு 1954ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. பட்நாகர் நினைவுப் பரிசை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. 1961ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் மறைந்தார்.

மாணவர்களே! கல்லூரி ஆய்வுக்கூடத்தின் மேசையடியில் உறுமிக்கொண்டிருக்கும் வெற்றிடப் பம்பு பார்வைக்கு எளியது. அது செய்வதெல்லாம் வேண்டாததை வெளியேற்றுவதே. ஆயினும், வேண்டாததை வெளியேற்றினாலன்றி மங்கிய உண்மை கண்ணுக்குப் புலனாகாது. ஒருமுறை வடித்தது போதாதென்று மீண்டும் மீண்டும் வடித்த கைகளே அவ்வொளியைத் தூசின் மயக்கமன்று என்று உறுதியாகக் கூறும் தகுதியைப் பெற்றன. புகழ் யாரைச் சேரும் என்று எண்ணாமல், பார்ப்பது உண்மைதானா என்று எண்ணுவதே அறிவியலாரின் கடமை. கிருஷ்ணனின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.