டூஸான் லூவெர்த்தூர்

அடிமைத்தனம் ஒழிந்தது ஆண்டவர்களின் தயாளத்தினால்தான் என்று எண்ணுவோர் இன்றும் பலர் உளர். ஐரோப்பிய சட்டசபைகளில் அடிமைகளுக்காக வாதாடிய நல்லோரின் தொண்டை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் விலங்கு பூண்டவர்களே அதை உடைத்தெறிந்த சரித்திரமும் உண்டு. அதன் தலைவர்களில் முதல்வர் டூஸான் லூவெர்த்தூர்.

இன்று ஹெயிட்டி எனப்படும் தேசம், அன்று ஸான் டொமிங் என்ற பெயருடன் பிரான்ஸின் ஆதீனத்தில் இருந்தது. ஐரோப்பியர் உண்ட சர்க்கரையிலும் அருந்திய காப்பியிலும் பெரும்பகுதி அங்கே விளைந்ததே. விளைவித்தவர்கள் சுமார் 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள். வெள்ளையரோ ஏறக்குறைய 30,000 பேர்தான். சவுக்கடியாலும் ஓயாத வேலையாலும் மாண்டவர்களுக்குப் பதிலாக, கப்பல் கப்பலாகப் புதிய அடிமைகள் இறக்கப்பட்டனர்.

ப்ரெடா என்ற தோட்டத்தில், 1743-ஆம் வருஷத்தை ஒட்டி, அடிமையாகவே டூஸான் பிறந்தார். கால்நடைகளைப் பேணினார், வண்டி ஓட்டினார், மூலிகை வைத்தியம் பயின்றார். 1776-க்குள் தம்மளவில் விடுதலையும் பெற்றுவிட்டார். ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம், அவர் அவ்வாறு செய்யவில்லை. 1791 ஆகஸ்டில் வட சமவெளியின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து கரும்புத் தோட்டங்களைத் தீக்கிரையாக்கியபோது, சில காலத்தில் அவர்களுடன் சேர்ந்தார். கலகக் கூட்டத்தைக் கட்டுப்பாடுள்ள சேனையாக ஆக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பிரான்ஸ் 1789-இல் மனித உரிமைகளைப் பிரகடனம் செய்தது. அடிமைகளின் நிலை சிறிதும் மாறவில்லை. உள்நாட்டில் கலகமும், எல்லையில் ஸ்பெயின், பிரிட்டன் ஆகியவற்றின் யுத்தமும் நெருக்கிய பிறகே, 1793 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கமிஷனர் ஸோந்தொனாக்ஸ் வட பகுதியில் அடிமைத்தனத்தை ரத்து செய்தார். 1794 பிப்ரவரி 4-இல் பாரிஸ் சபை எல்லாக் குடியேற்ற நாடுகளிலும் அதை ஒழித்தது. எழுச்சி செய்த வேலை எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அதுவரை ஸ்பெயினின் பக்கம் நின்ற டூஸான், அவ்வருஷமே பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் சேர்ந்தார். 1798-இல் பிரிட்டிஷ் படை தீவை விட்டகன்றது. 1801-இல் அவர் வகுத்த அரசியல் சட்டம் அடிமைத்தனத்தை என்றென்றைக்கும் விலக்கியது.

ஆயினும் அவர் ஆட்சியில் குறை இல்லாமலில்லை. ஏற்றுமதி குன்றாதிருக்க, விடுதலை பெற்ற உழவர்களைப் பழைய தோட்டங்களிலேயே கட்டாய வேலைக்கு நிறுத்தினார். எதிர்த்து எழுந்தவர்களை நசுக்கினார். தம் தளபதி மொயீஸையும் சுட்டுக்கொல்லச் செய்தார். இதனால் ஜனங்களின் அன்பு தளர்ந்தது.

1802-இல் நெப்போலியன் ஏவிய பெரும்படை லெக்ளேர் தலைமையில் வந்திறங்கியது. சில மாதப் போருக்குப் பின் சமாதானம் செய்துகொண்ட டூஸானை வஞ்சகமாய்க் கைதுசெய்து பிரான்ஸுக்குக் கொண்டுபோயினர். குளிர் மிகுந்த ஜூரா மலைக் கோட்டையில் 1803 ஏப்ரல் 7-இல் அவர் உயிர் துறந்தார்.

தலைவர் போனார், போர் போகவில்லை. குவாடலூப் தீவில் அடிமைத்தனம் மீண்டதென்ற செய்தி கேட்டு ஜனங்கள் பொங்கியெழுந்தனர். மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையை வாட்டியது. டெஸ்ஸலீன் தலைமையில் வெற்றி கண்டு, 1804 ஜனவரி 1-இல் ஹெயிட்டி சுதந்திர தேசமாயிற்று. அதற்குத் தண்டமாக 1825-இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் கேட்டது. அக்கடன் அந்நாட்டைப் பல தலைமுறை அழுத்தியது.

ஆயினும் அங்கே அடிமைத்தனம் திரும்பவேயில்லை. ஒரு தலைவரைச் சிறையிலிட்டால் ஒரு ஜன சமூகத்தின் உறுதியைச் சிறையிட்டதாகாது என்பதே டூஸானின் வாழ்வும் மரணமும் நமக்கு உணர்த்தும் பாடம்.