இதயத்தைக் கட்டம் போட்டு அளந்தவர்



போன மாதம் எங்க தாத்தாவுக்கு டிரெட்மில் டெஸ்ட் எடுத்தாங்க. ஓடும் பட்டை மேல் நடக்க வைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை அது. தாத்தாவுக்கு வயது 60. 220-இல் வயதைக் கழித்தால் 160. அதில் 85 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 136 துடிப்பாவது வரணுமாம். மூட்டு வலியால் தாத்தா 110-லேயே நிறுத்திவிட்டார். ரிப்போர்ட்டில் கோளாறு எதுவும் இல்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம்! ஆனால் இதயம் போதுமான அளவு உழைக்கவே இல்லை, இதை நம்ப முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

அந்தக் காகிதத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. அந்த அளவை யார் வகுத்தது என்று தேடினேன். கிடைத்தவர் வில்லெம் எய்ந்தோவன்.

இவர் 1860 மே 21 அன்று ஜாவா தீவில் செமாராங்கில் பிறந்தார். மருத்துவரான அப்பா சீக்கிரமே இறந்துவிட, அம்மா பிள்ளைகளோடு நெதர்லாந்துக்குப் போனார். எய்ந்தோவன் அங்கே மருத்துவம் படித்து லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

அப்போது இதயத்தின் மின்சாரத்தை அளக்கப் பாதரசக் கருவி ஒன்று இருந்தது. அது மெதுவாக நகர்ந்ததால் கோடு தப்பாக விழுந்தது. எய்ந்தோவன் கணக்குப் போட்டு அதைத் திருத்தினார். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? சரியாகவே அளக்கும் கருவியைச் செய்தார். காந்தத்தின் நடுவே, வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை. கருவியின் எடையோ சுமார் 270 கிலோ! இயக்க 5 பேர் வேண்டும்! நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீரில் வைத்து உட்காரணும். அது வரைந்த கோடு, அவர் முன்பு கணக்கில் திருத்திய கோட்டோடு ஒத்துப்போனது!

1903-ல் அளவையும் வகுத்தார். ஒரு மில்லிமீட்டர் அகலம் 0.04 வினாடி, உயரம் 0.1 மில்லிவோல்ட். இன்றைக்கும் இ.சி.ஜி. காகிதத்தில் பொதுவாக அதே அளவுதான்.

1905-ல் மருத்துவமனையில் இருந்தவரின் துடிப்பை, டெலிபோன் கம்பி வழியாகத் தன் ஆய்வகத்தில் பதிவு செய்தார். ஒரு கோடு உயரமாக வந்தது. அந்த ஆள் அப்போதுதான் சைக்கிள் மிதித்து வந்திருந்தார் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. உழைக்கும் இதயம் வேறு மாதிரி கோடு போடும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது!

1924-ல் நோபல் பரிசு பெற்றார். 1927-ல் மறைந்தார்.

தாத்தாவுக்கு அப்புறம் மருந்து ஏற்றி, துடிப்பை 136-க்கு மேல் கூட்டி, எக்கோ படம் எடுத்தாங்க. அதில்தான் அடைப்பின் அறிகுறி தெரிந்தது. இப்போ சிகிச்சையில் நலமா இருக்கார்.

நண்பர்களே, அரைகுறையாக அளந்து நிம்மதி அடைவதைவிட, சரியாக அளந்து உண்மையைத் தெரிந்துகொள்வதே நல்லது. பரீட்சைக்கும் இது பொருந்தும்தானே!

– 9-ஆம் வகுப்பு மாணவி