மாளிகை முகப்பில் மாதாவின் மந்திரம்



ஸ்பெயின் தேசத்துப் பார்சலோனா பட்டணத்திலே, கடல் அலைபோல் வளைந்து நிற்கும் கல் மாளிகை ஒன்று உண்டு. கட்டிய காலத்தில் ஊரார் அதைக் கற்குவாரி என்று பரிகசித்தனர். இன்றோ உலகெங்குமிருந்து ஜனங்கள் அதைக் காண வருகின்றனர். மிலா மாளிகை எனப்படும் அதைக் கட்டிய சிற்பியே அந்தோனி கௌதி.

1852-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, செம்புப் பாத்திரத் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார் கௌதி. 1883-ல் அப்பட்டணத்துத் திருக்குடும்ப ஆலயத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்றவர், சாகுமட்டும் அதைக் கைவிடவில்லை.

செல்வந்தரான மிலா தம்பதிகளின் மாளிகையை அவர் 1906-ல் தொடங்கினார். வீட்டுக்கார அம்மாளின் பெயருக்குச் செபமாலை என்பது பொருள். ஆகவே செபமாலை மாதாவின் பெரிய சுரூபம் ஒன்றை மாளிகையின் உச்சியில் நிறுத்தத் திட்டமிட்டார். ஆனால் 1909 ஜூலையில் பட்டணத்தில் கலகம் மூண்டது. கோயில்களும் கன்னியர் மடங்களும் தீக்கிரையாயின. வீட்டுக்காரர் அஞ்சிச் சுரூபம் வேண்டாமென்றார். கௌதியின் மனம் நொந்தது. ஆயினும் முகப்பின் மேல் விளிம்பில் அருள்நிறை மந்திரத்தின் தொடக்க வார்த்தைகள் இலத்தீன் மொழியில் செதுக்கப்பட்டு இன்றும் நிற்கின்றன.

பின்பு கூலி விஷயமாய் வழக்கு நடந்தது. வென்று பெற்ற பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் தர்மத்துக்கு ஈந்தார் கௌதி.

1926 ஜூன் 7-ந் தேதி, கோயிலுக்கு நடந்து செல்கையில் டிராம் வண்டி அவர்மேல் மோதிற்று. அவரது பழைய உடையைக் கண்டோர் பிச்சைக்காரரென்று எண்ணினர். ஏழைகளின் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 10-ந் தேதி கடைசித் தேவதிரவிய அநுமானங்களைப் பெற்று மரித்தார். தாம் கட்டிய ஆலயத்தின் நிலவறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பிரான்சிஸ் பாப்பரசர் 2025 ஏப்ரல் 14-ந் தேதி அவரை வணக்கத்துக்குரியவர் என ஏற்கும் ஆணைக்கு ஒப்புதல் அளித்தார்.

பெற்றோரே, நாமும் கடன்பட்டு வீடு கட்டுகிறோம். குருவை அழைத்து மந்திரிக்கிறோம். ஆனால் சில நாட்களில், வருகிறவர் என்ன நினைப்பாரோ என்று திருஇருதய ஆண்டவர் படத்தை முன்னறையிலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிடுவோர் உண்டு. மிலா அஞ்சியது எரிகிற நெருப்புக்கு. நாம் அஞ்சுவதோ அயலாரின் பார்வைக்கு! வீட்டுச் சுவரில் ஆண்டவருக்கு இடமில்லையேல், அவ்வீட்டுப் பிள்ளைகளின் இருதயத்தில் அவருக்கு இடம் தேடித் தருபவர் யார்?

இன்று மாலையே அப்படத்தை முன்னறைக்குக் கொணருங்கள். அதன்முன் குடும்பமாய் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுங்கள். அம்மாளிகையின் கல்லில் நிற்கும் மந்திரம் உங்கள் மக்களின் நாவில் நிலைப்பதாக.

உங்கள் பங்குக் குரு