பயணிக்குத் துணையாய் ஒரு செவிலியர்

விமானத்தில் ஏறி அமர்ந்ததும் இருக்கைப் பட்டை அணிவது எப்படி, அவசர வழி எங்குள்ளது என்பதையெல்லாம் பணியாளர்கள் செய்து காட்டுகிறார்கள். ஆனால், நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும் என்பதையோ, இதய, நுரையீரல் நோயாளிகள் மருத்துவரைக் கலந்த பிறகே பறக்க வேண்டும் என்பதையோ அவ்வளவு அழுத்தமாக யாரும் சொல்வதில்லை. பயணிக்கு நம்பகமான உடல்நல அறிவுரை வழங்கும் பொறுப்பு யாருடையது? தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பே இக்கேள்விக்குச் செயலால் விடை தந்தவர் எல்லன் சர்ச்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிரெஸ்கோ என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையில் 1904-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். செவிலியர் கல்வி முடித்து, சான்பிரான்சிஸ்கோ நகர மருத்துவமனையில் பணிபுரிந்தார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1930-இல் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் அந்நகர அலுவலக மேலாளர் ஸ்டீவ் ஸ்டிம்சனைச் சந்தித்து வேலை கேட்டார். பயணிகள் விமானத்தை ஓட்டும் பணிக்குப் பெண்களை அமர்த்தும் வழக்கம் அந்நாளில் இல்லை. மனம் தளராத எல்லன், விமானத்தில் செவிலியர்களை நியமிக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார்.

அந்த யோசனைக்குக் காரணம் இருந்தது. அன்றைய விமானங்களில் காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி இல்லை. மேகங்களுக்கும் புயலுக்கும் மேலே உயர்ந்து பறக்க இயலாமல் அவை குலுங்கிக்கொண்டே சென்றன. குமட்டலும் வாந்தியும் இயல்பு. அச்சமோ அதைவிடப் பெரிது. அதனால் பலரும் ரயிலையே நாடினர்.

மூன்று மாத சோதனை முயற்சிக்கு நிறுவனம் இசைந்தது. எல்லன் உள்பட எட்டு செவிலியர்கள் தேர்வாயினர். 1930 மே 15 அன்று சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து சிகாகோ நோக்கிப் புறப்பட்ட விமானத்தில் எல்லன் பணியேற்றார். வழியில் 13 இடங்களில் நின்று செல்லும் அப்பயணம் ஏறத்தாழ 20 மணி நேரம் நீடித்தது. உலகின் முதல் விமானப் பணிப்பெண் என்று வரலாறு அவரைக் குறிப்பது இதனால்தான். நோயுற்றவரைக் கவனிப்பது, அஞ்சுபவரைத் தேற்றுவது, உணவு பரிமாறுவது, இருக்கைகள் தரையோடு உறுதியாகப் பொருந்தியுள்ளனவா என்று பார்ப்பது, கழிப்பறைக் கதவென எண்ணி வெளிக்கதவைப் பயணி திறந்துவிடாமல் காப்பது என அவர்களின் பணிகள் நீண்டன. மாத ஊதியம் 125 டாலர்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை பழுதுபடும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் கோட்பாடாக விளக்கினார். எல்லனின் யோசனை நடைமுறையில் அக்குறையையே நிரப்பியது. விமானத்தின் பாதுகாப்பை எடைபோட வழியற்ற பயணிக்கு, பயிற்சி பெற்ற செவிலியர் உடனிருப்பதே உறுதிமொழியாயிற்று. நிறுவனம் நாடியது பயணச்சீட்டு விற்பனையை. பயணிக்குக் கிடைத்ததோ மெய்யான அறிவின் துணை.

இதன் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. இப்பணிக்கு வருவோர் 25 வயதுக்கு உள்பட்டவராக, மணமாகாதவராக, 115 பவுண்டுக்கு மிகாத எடையுடையவராக இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். அறிவுக்குத் தந்த மதிப்போடு தோற்றத்துக்கான அளவுகோலும் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் செவிலியர்கள் ராணுவத்துக்குத் தேவைப்பட்டபோது செவிலியர் தகுதி கைவிடப்பட்டது. தோற்றத்துக்கான விதிகளோ நெடுங்காலம் நிலைத்தன.

எல்லன் வானில் பணியாற்றியது 18 மாதங்களே. கார் விபத்தில் காயமுற்றதால் அப்பணி முடிவுக்கு வந்தது. மீண்டும் பயின்று, மருத்துவமனைப் பணிக்குத் திரும்பினார். போர்க்காலத்தில் ராணுவச் செவிலியர் படையில் சேர்ந்து, காயமுற்ற வீரர்களை விமானத்தில் கொண்டுசெல்லும் பணியாற்றி, ஏர் மெடல் விருது பெற்றார். பின்னர் இண்டியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் நகர மருத்துவமனையில் செவிலியர் துறைக்குத் தலைமை ஏற்றார். 1964-இல் மணம் புரிந்த அவர், அடுத்த ஆண்டே குதிரையிலிருந்து விழுந்து மறைந்தார். கிரெஸ்கோ விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒவ்வொரு விமானத்திலும் செவிலியரை அமர்த்துவது இன்று இயலாது. பணியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சியும் தரப்படுகிறது. ஆனால், வானில் செய்யும் முதலுதவி, தரையில் சொல்லியிருக்க வேண்டிய அறிவுரைக்கு ஈடாகாது. பறக்கும்போது விமானத்துக்குள் நிலவும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பானது. இதயமும் நுரையீரலும் நலிந்தோர் இதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே அறிந்திருக்க வேண்டாமா? அவ்வப்போது எழுந்து நடப்பதும், அமர்ந்தபடியே கணுக்காலை அசைப்பதும், போதிய நீர் அருந்துவதும் செலவில்லாத காப்புகள். கூடுதல் உணவும் கூடுதல் சுமையும் வேண்டுமா என்று கேட்கும் அதே திரையில், உடல்நலம் குறித்தும் இரண்டு வரி இடம்பெறட்டும். எல்லன் சர்ச் தொடங்கிவைத்த பணிக்கு அதுவே உரிய தொடர்ச்சி.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).