டி. ஆர். சுந்தரம்

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் (ஜூலை 16, 1907 - ஆகஸ்ட் 30, 1963) தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குனர் மற்றும் நடிகர் ஆவார். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இவர் எடுத்த பர்மா ராணி (1945), தமிழில் வெளிவந்த போர்ப்படங்களுள் குறிப்பிடத்தக்கது.

வாழ்க்கை

சுந்தரம் கொங்கு நாட்டின் திருச்செங்கோட்டைச் சேர்ந்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை மணந்தார். நாடு திரும்பியபின் சேலம் ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தின் வழியாகத் திரைத்துறைக்கு வந்தார்.

மாடர்ன் தியேட்டர்ஸ்

1930களின் நடுப்பகுதியில் சேலம் - ஏற்காடு சாலையில் இந்நிறுவனத்தை அமைத்தார். இதன் முதல் படம் சதி அகல்யா 1937ல் வெளிவந்தது. முதல் மலையாளப் பேசும்படமான பாலன் (1938) இங்கு தயாரிக்கப்பட்டதாகும். உத்தம புத்திரன் (1940), மனோன்மணி (1942), மந்திரி குமாரி (1950) ஆகியவை இந்நிறுவனத்தின் புகழ்பெற்ற படங்கள். அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ஆகும்.

பர்மா ராணி

போர்க்காலத்தில் கச்சாப் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் அரசு அதனைப் பங்கீடு செய்தது. படத்தின் நீளம் 11,000 அடியாக வரையறுக்கப்பட்டது. படச்சுருள் அரசின் கையில் இருந்த அச்சூழலில் போர்முயற்சிக்கு ஆதரவான படங்கள் எடுக்கப்பட்டன. கே. சுப்பிரமணியத்தின் மானசம்ரட்சணம், கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவின் என் மகன் ஆகியவை இவ்வகையின.

ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப்படையினர் தப்புவதே பர்மா ராணியின் கதை. கே. எல். வி. வசந்தா ராணியாகவும், ஹொன்னப்ப பாகவதர் நாயகனாகவும் நடித்தனர். ஜப்பானிய அதிகாரியாகச் சுந்தரமே நடித்தார்.

விமர்சனம்

1942ல் பர்மா வீழ்ந்தபோது தமிழர் பலர் கால்நடையாகவே தாயகம் திரும்பினர். ஆகவே ஜப்பானியரைக் கொடியவராகக் காட்டியது முற்றிலும் புனைவன்று. எனினும் அதே பர்மாவில் சுபாஷ் சந்திர போசின் இந்திய தேசிய ராணுவம் ஜப்பானியருடன் இணைந்து ஆங்கிலேயரை எதிர்த்தது. அதன் ஜான்சி ராணி படையில் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். இவர்களின் போராட்டத்திற்கு நேர் எதிரான பக்கத்தில் இப்படம் நின்றது. 1945ன் இறுதியில் செங்கோட்டை விசாரணை தொடங்கியபின் மக்களின் பரிவு அப்படையினர்பால் திரும்பியது; இப்படத்தின் நோக்கமும் காலங்கடந்ததாயிற்று.

அதே 1945ல் இத்தாலியில் ரோபர்ட்டோ ரொசெலினியின் ரோம் திறந்த நகரம் வெளிவந்தது. ஜெர்மானியர் வெளியேறிய சில மாதங்களில், படச்சுருள் பற்றாக்குறைக்கிடையே, ரோம் நகரின் தெருக்களில் அது படமாக்கப்பட்டது. தட்டுப்பாடு இரு படங்களுக்கும் பொதுவானது. ஆயின் ரொசெலினி ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட்ட மக்களின் பக்கம் நின்று பேச முடிந்தது. சுந்தரம் அந்நிய ஆட்சியின் கீழ், அதன் போருக்காகப் படமெடுத்தார். ஒரு நிறுவனத்தை நடத்தியவரின் கட்டாயமாக இதனைக் கருதலாம். ஆயினும் அக்கட்டாயம் படத்தின் பார்வையைக் குறுக்கியது.

மறைவு

சுந்தரம் 1963ல் காலமானார். சென்னைக்கு வெளியே ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்தபடியே தென்னிந்தியத் திரைத்துறையில் முன்னணி நிறுவனம் ஒன்றை நடத்த முடியும் என்று காட்டியது இவரின் முதன்மையான பங்களிப்பாகும்.